திரியாரிகள்: ரோமப் படையின் மூத்த வீரர்கள் ஏன் கடைசி வரிசையில் மண்டியிட்டிருந்தார்கள்?

முன்னே இரண்டு வரிசைகள் மோதிக்கொண்டிருக்கின்றன. புழுதி, கூச்சல், காயம்பட்டவர்களைப் பின்னால் இழுத்து வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னே 600 பேர் அசையாமல் இருக்கிறார்கள். ஒரு முழங்கால் தரையில், இடது கால் முன்னே நீட்டியபடி. கேடயம் தோளில் சாய்ந்திருக்கிறது. ஈட்டியின் அடிமுனை மண்ணில் செருகப்பட்டு, கூர்முனை சாய்வாக வானத்தைப் பார்க்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஆள் வரிசையாகத் தெரியாது, கூரிய கழிகளை நட்ட வேலியாகத்தான் தெரியும்.

இவர்கள்தான் திரியாரிகள். லத்தீனில் மூன்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். 'மூன்றாம் வரிசைக்காரர்கள்' என்று பொருள் கொள்ளலாம். படையிலேயே வயதில் மூத்தவர்களும் அதிகப் போர்களைக் கண்டவர்களும் இவர்களே. தமிழில் படையின் பின்வரிசையைக் கூழை என்போம், பழகிய படையைத் தொல்படை என்போம். ரோமர்கள் தங்கள் தொல்படையைக் கூழையாக நிறுத்தினார்கள். நல்ல ஆட்களை ஏன் பின்னால் ஒதுக்கினார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், கி.மு. 4 முதல் 2ஆம் நூற்றாண்டு வரையிலான ரோமப் படை எப்படி வேலை செய்தது என்பதே பெரும்பாலும் புரிந்துவிடும்.

இதைப் பற்றி நமக்குத் தெரிந்தவை முக்கியமாக இருவர் எழுதியவை. ஒருவர் பொலிபியஸ், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கர். ரோமப் படையைக் கண்ணால் பார்த்தவர். மற்றவர் ரோம வரலாற்றாசிரியர் லிவி. கி.மு. 340ஆம் ஆண்டின் படையை அவர் விவரிக்கிறார், ஆனால் எழுதியது அதற்கு 300 ஆண்டுகளுக்குப் பிறகு. எண்ணிக்கையிலும் ஆயுதத்திலும் இருவரும் முரண்படும்போது பொலிபியஸை நம்புவது பாதுகாப்பானது.

ஒரு லீஜியனில் யார் யார்?

லீஜியன் என்பது ரோமப் படையின் பெரும்பிரிவு. பொலிபியஸ் தரும் கணக்கில் காலாட்கள் 4,200 பேர், குதிரை வீரர்கள் 300 பேர். காலாட்களில் 1,200 பேர் வெலிதெஸ் எனும் இலகு வீரர்கள். ஏழைகளும் வயதில் மிக இளையவர்களும் இதில் சேர்க்கப்படுவார்கள். சிறு எறியீட்டிகளை வீசிவிட்டுப் பின்வாங்குவது இவர்கள் வேலை. அடுத்து 1,200 ஹஸ்தாதிகள், இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள், முதல் வரிசை. அதன்பின் 1,200 பிரின்கிபெஸ், உடல்வலு உச்சத்தில் இருக்கும் வயதினர், இரண்டாம் வரிசை. கடைசியில் 600 திரியாரிகள்.

இந்த 600 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஆபத்துக் காலத்தில் லீஜியனை 5,000 பேராகப் பெருக்குவதுண்டு. அப்போது மற்ற பிரிவுகளெல்லாம் பெருகும், திரியாரிகள் மட்டும் 600ஐத் தாண்டுவதில்லை. பல போர்களைக் கண்டு உயிரோடு மிஞ்சிய ஆட்களை நினைத்த நேரத்தில் உருவாக்க முடியாதல்லவா?

ஒவ்வொரு வரிசையும் பத்து 'மேனிபிள்'களாகப் பிரிந்திருக்கும். ஹஸ்தாதி, பிரின்கிபெஸ் மேனிபிளில் 120 பேர். திரியாரி மேனிபிளில் 60 பேர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நூற்றுக்கதிபதிகள், அவர்களுக்கு உதவியாக இருவர், கொடி பிடிக்க இருவர். (தமிழ் விவிலியத்தில் வரும் நூற்றுக்கதிபதி இதே பதவிதான்.)

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிட வேண்டும். திரியாரிகள் நிரந்தரமான தனிப்படை கிடையாது, அரசரின் மெய்க்காவலர் போன்றவர்களும் இல்லை. அந்தக் காலத்து ரோம வீரர்கள் நிலம் வைத்திருந்த குடிமக்கள். போருக்கு அழைப்பு வரும், வருவார்கள், முடிந்ததும் வயலுக்குத் திரும்புவார்கள். 46 வயதுக்குள் காலாள் ஒருவர் 16 படையெடுப்புகள் வரை போக வேண்டியிருக்கும், நெருக்கடியில் 20 வரை. ஆட்களைத் தேர்ந்தெடுத்தபின் படைத் தளபதிகள் அவர்களை வயது பார்த்துப் பிரிப்பார்கள். மூத்தவர்கள் திரியாரிகள். இவர் இந்த முறை திரியாரி என்றால், சில ஆண்டுகளுக்கு முன் பிரின்கிபெஸ், அதற்கு முன் ஹஸ்தாதி. முன்வரிசையில் இளைஞன் எந்த நொடியில் தடுமாறுவான் என்பதை அவர் தன் உடம்பிலேயே அறிந்தவர்.

ஆயுதம்: ஏன் இவர்களிடம் மட்டும் ஈட்டி?

முதல் இரண்டு வரிசையினரும் பீலம் எனும் எறியீட்டி இரண்டை வைத்திருப்பார்கள். எதிரி நெருங்கியதும் வீசிவிட்டு வாளை உருவிக்கொண்டு பாய்வார்கள். திரியாரிகளிடம் பீலம் இல்லை. அவர்கள் கையில் இருப்பது ஹஸ்தா, ஆள் உயரத்தை விஞ்சும் குத்தீட்டி. அதை எறிய மாட்டார்கள், பிடித்துக் குத்துவார்கள்.

இது பழைய காலத்தின் மிச்சம். ரோமின் பழைய அரசர் செர்வியஸ் துல்லியஸ் பெயரில் வழங்கும் ஏற்பாட்டின்படி, பணக்கார வகுப்பினர் வட்டக் கேடயமும் ஈட்டியும் கொண்டு கிரேக்கரைப்போல ஒரே கெட்டியான அணியாக நின்று போரிட்டார்கள். மேடுபள்ளமான நிலத்தில் அத்தகைய அணி உடைந்துபோகும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மலைவாழ் சாம்னியரோடு மோதிய காலத்தில் ரோமர்கள் சிறு சிறு மேனிபிள்களாகப் பிரிந்து நிற்கப் பழகினார்கள். முன்வரிசைகள் எறியீட்டிக்கு மாறிய பிறகும் கடைசி வரிசை குத்தீட்டியை விடவில்லை.

விடாததற்குக் காரணம் உண்டு. எறியீட்டி தாக்குதலுக்கு ஏற்றது, வீசிய பிறகு கை காலி. கடைசி வரிசையின் வேலை நிற்பது. முன்னே உடைந்தவர்கள் ஓடி வரும்போதும், துரத்தும் எதிரி பின்னாலேயே வரும்போதும் நீண்ட ஈட்டிகளின் வரிசை ஒரு சுவர். குதிரையும் அதன்மேல் பாயத் தயங்கும்.

மற்ற கவசங்கள் மூன்று வரிசைக்கும் ஏறத்தாழ ஒன்றே. கேடயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இரண்டரை அடி அகலம், நான்கு அடி உயரம், பக்கவாட்டில் வளைந்த வடிவம். இரண்டு அடுக்குப் பலகையைப் பசையால் ஒட்டி, அதன்மேல் கித்தான் துணியும், அதற்கும் மேல் கன்றுத்தோலும் போர்த்தியிருப்பார்கள். மேல் விளிம்பில் இரும்புப் பட்டை, வாள்வெட்டு பலகையைப் பிளக்காமல் இருக்க. கீழ் விளிம்பிலும் இரும்பு, தரையில் ஊன்றும்போது தேயாமல் இருக்க. நடுவில் இரும்புக் குமிழ், கல்லும் ஈட்டியும் பட்டால் சறுக்கிப் போக. எகிப்தின் ஃபாயூம் பகுதியில் இப்படியொரு கேடயம் வறண்ட மண்ணில் கெடாமல் கிடைத்தது. அது 128 செ.மீ. உயரம், 63.5 செ.மீ. அகலம், மெல்லிய மரப்பட்டிகளை மூன்று அடுக்காக ஒட்டிச் செய்தது. பொலிபியஸ் சொல்லும் அளவோடு நன்றாகவே பொருந்துகிறது.

தலையில் வெண்கலத் தலைக்கவசம், அதன் உச்சியில் செந்நீலம் அல்லது கறுப்பு நிறத்தில் மூன்று இறகுகள், ஏறக்குறைய ஒரு முழ உயரம். ஆள் இரட்டிப்பு உயரமாகத் தெரிவான், எதிரிக்கு அச்சம் வரும் என்கிறார் பொலிபியஸ். மார்பில் ஒரு சாண் சதுர வெண்கலத் தகடு. 10,000 திராக்மாவுக்கு (கிரேக்க வெள்ளிக்காசு) மேல் சொத்துள்ளவர்கள் தகட்டுக்குப் பதில் இரும்பு வளையங்களைப் பின்னிய சங்கிலிச் சட்டை அணிந்தார்கள். வலது இடுப்பில் இருபுறமும் கூரான வாள். அரசு சம்பளம் தந்தது, காலாளுக்கு நாளுக்கு இரண்டு ஒபோல் (கிரேக்கச் சிறுகாசு). ஆனால் தானியத்துக்கும் துணிக்கும் புதிதாகக் கேட்ட ஆயுதத்துக்கும் அதில் பிடித்துக்கொண்டார்கள்.

வரிசை மாறுவது எப்படி?

மேனிபிள்கள் இடைவெளி விட்டு நிற்கும். முதல் வரிசையின் இடைவெளிக்கு நேர் பின்னே இரண்டாம் வரிசையின் மேனிபிள், அதன் இடைவெளிக்கு நேர் பின்னே திரியாரி மேனிபிள். சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹஸ்தாதிகள் மோதுவார்கள். அவர்களால் முடியாவிட்டால் முகத்தை எதிரியிடமிருந்து திருப்பாமல் மெல்லப் பின்வாங்கி, பிரின்கிபெஸ் நடுவே உள்ள சந்துகளில் நுழைந்துவிடுவார்கள். இப்போது களைக்காத பிரின்கிபெஸ் மோதுவார்கள். அவர்களாலும் முடியாவிட்டால் எல்லோரும் திரியாரிகளின் சந்துகளுக்குள் வருவார்கள். அப்போதுதான் மண்டியிட்டிருந்தவர்கள் எழுவார்கள். சந்துகளை அடைத்து ஒரே தொடர் வரிசையாகி முன்னேறுவார்கள். இதற்குமேல் பின்னால் யாரும் இல்லை.

எதிரியின் நிலையை எண்ணிப் பாருங்கள். இரண்டு வரிசையை அடித்துத் துரத்தியாகிவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் அணி கலைந்து ஓடி வருகிறான். திடீரென்று தரையிலிருந்து புதிய வரிசை எழுகிறது, வியர்வைகூடப் படியாத ஆட்களோடு.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இன்னொன்று விளங்கும். ஓர் ஆளுக்கு 3 அடி இடம். 20 பேர் அகலத்தில் நிற்கும் ஹஸ்தாதி மேனிபிள் 60 அடியை அடைக்கும். பத்து மேனிபிளும், அதே அளவு இடைவெளிகளும் சேர்ந்து ஒரு லீஜியனின் முகப்பு சுமார் 1,200 அடி. அதை இடைவெளியில்லாமல் அடைக்க முதல் நிரைக்கு மட்டும் 400 பேர் வேண்டும். திரியாரிகளோ 600 பேர்தான், இரண்டு நிரைகூடத் தேறாது. ஆக, பின்வாங்கி வந்த ஹஸ்தாதிகளும் பிரின்கிபெஸும் ஓடிப்போய்விடாமல் அவர்களுக்குப் பின்னால் மறுபடி அணிசேர்ந்தால்தான் இந்த ஏற்பாடு தாங்கும். திரியாரிகளைத் தனியாக வென்று கொடுக்கும் மாயப்படையாகக் கற்பனை செய்வது பிழை. உடைந்த படை மறுபடி ஒன்றுசேர அவர்கள் ஒரு முதுகெலும்பாக நின்றார்கள், நேரம் வாங்கித் தந்தார்கள்.

மண்டியிடுவதில் என்ன இருக்கிறது?

பறந்து வரும் கல்லும் எறியீட்டியும் குறைவாகப் படும். மணிக்கணக்கில் நிற்கும் களைப்பு இல்லை. அதைவிட முக்கியம், மண்டியிட்டவனால் சட்டென்று முன்னே பாயவும் முடியாது, பின்னே ஓடவும் முடியாது.

பண்டைப் போர்களில் படைகள் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் கலைந்தன. முன்வரிசைக்காரனுக்கு எதிரே இருப்பவனைத் தவிர வேறெதுவும் தெரியாது. திரும்பி ஓடினால் முதுகில் குத்துப்படும் என்பதால் அவன் போரிட்டே ஆகவேண்டும். பின்னால் நிற்பவனுக்கோ ஓட வழி இருக்கிறது, யோசிக்க நேரமும் இருக்கிறது. கூச்சல் கேட்கிறது, என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அங்கே அனுபவமில்லாத இளைஞன் இருந்தால் முதல் வதந்தியிலேயே போய்விடுவான். அவன் போனால் நடுவில் இருப்பவனும் போவான். அந்த இடத்துக்குத்தான் ரோமர்கள் நாற்பதை நெருங்கிய ஆட்களைத் தேர்ந்தார்கள். முன்னே நிற்கும் இருபது வயதுக்காரன் ஓட நினைத்தால், தன் அப்பா வயதுக்காரர்களின் கண்முன்னே, அவர்களின் ஈட்டிகளை நோக்கித்தான் ஓட வேண்டும்.

திரியாரிகள் பல போர்களில் எழவே இல்லை. எழாமல் முடிந்த போர் நன்றாக முடிந்த போர். லத்தீனில் 'விஷயம் திரியாரிகளிடம் வந்துவிட்டது' என்றொரு வழக்கு உண்டு. நிலைமை முற்றிப்போய்க் கடைசி வழிதான் மிச்சம் என்று பொருள்.

எங்கே பிசகியது, எங்கே பலித்தது

சேமப்படையை எப்போது எழுப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கி.மு. 340இல் வெசூவியஸ் மலையருகே ரோமர்களும் அண்டை இனத்தவரான லத்தீன்களும் மோதினார்கள். இரு தரப்புக்கும் ஒரே ஆயுதம், ஒரே அணிவகுப்பு. லிவி சொல்லும்படி, ரோமத் தளபதி மான்லியஸ் தன் திரியாரிகளை எழுப்பாமல், படையின் வாலில் நிற்கும் அக்கென்சிகளை முன்னே அனுப்பினார். இவர்கள் நம்பகம் குறைந்த துணை ஆட்கள். ரோமரின் திரியாரிகள் வந்துவிட்டார்கள் என்று நினைத்த லத்தீன்கள் உடனே தங்கள் திரியாரிகளை இறக்கினார்கள். அவர்கள் அக்கென்சிகளைத் தள்ளித் தள்ளிக் களைத்து, ஈட்டிகள் உடைந்தும் மழுங்கியும் போய், வென்றுவிட்டோம் என்று எண்ணிய நேரத்தில்தான் மான்லியஸ் உண்மையான திரியாரிகளை எழச் சொன்னார். லத்தீன்களிடம் அதற்குமேல் இறக்க ஆளில்லை. விவரங்களில் கதையின் சாயல் இருக்கலாம், ஆனாலும் சேமப்படையை முதலில் செலவழித்தவன் தோற்கிறான் என்ற கணக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வேறில்லை.

ஈட்டியை மட்டும் முன்னே அனுப்பிய போரும் உண்டு. கி.மு. 223இல் வட இத்தாலியில் இன்சூப்ரெஸ் எனும் கௌல் (Gaul) இனத்தவரோடு போர். கௌல் வீரர்களின் நீண்ட வாள் முதல் வெட்டுக்கு மட்டுமே உதவும், வெட்டியதும் வளைந்துவிடும், தரையில் ஊன்றிக் காலால் மிதித்து நிமிர்த்தினால்தான் அடுத்த வெட்டு என்கிறார் பொலிபியஸ். ரோமப் படைத் தளபதிகள் திரியாரிகளின் ஈட்டிகளை வாங்கி முன்வரிசை மேனிபிள்களிடம் கொடுத்தார்கள். எதிரியின் முதல் வெட்டுகளெல்லாம் ஈட்டிக் காம்பில் விழுந்தன. வாள்கள் வளைந்ததும் ரோமர்கள் ஈட்டியை விட்டு, குத்துவதற்கேற்ற தங்கள் வாளோடு நெருங்கிவிட்டார்கள்.

மூன்று வரிசைக்கும் மருந்தில்லாத நோய் ஒன்று உண்டு: பக்கவாட்டு. எதிரி எப்போதும் முன்னாலிருந்தே வருவான் என்ற எண்ணத்தில் அமைந்த ஏற்பாடு இது. கி.மு. 216இல் தென் இத்தாலியின் கன்னேயில் ரோமர்கள் மேனிபிள்களை வழக்கத்தைவிட நெருக்கி, ஆழமாக நிறுத்தினார்கள். கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபாலின் ஆப்பிரிக்கக் காலாட்கள் இரு பக்கமும் அடைக்க, குதிரைப்படை பின்னாலிருந்து பாய்ந்தது. சந்துகளே இல்லாத நெரிசலில் வரிசை மாறுவது எங்கே? சேமப்படை ஒதுங்கி நிற்க இடம் வேண்டும், அந்த இடம் போனால் அதுவும் கூட்டத்தில் ஒரு பகுதிதான்.

ரோமத் தளபதி ஸ்கிபியோ இதைப் புரிந்துகொண்டார். கி.மு. 203இல் ஆப்பிரிக்காவின் பெருஞ்சமவெளிப் போரில் ஹஸ்தாதிகள் எதிரியைப் பிடித்து வைத்திருக்க, பிரின்கிபெஸையும் திரியாரிகளையும் பக்கவாட்டில் நகர்த்தி எதிரியை வளைத்தார். அடுத்த ஆண்டு ஜாமாவில் எதிரே 80க்கும் மேற்பட்ட யானைகள். மேனிபிள்களைச் சதுரங்கக் கட்டம்போல் வைக்காமல் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி, யானைகள் ஓட நேரான பாதைகள் விட்டார். பிறகு ஹன்னிபாலின் மூன்றாம் வரிசை எஞ்சியது, இத்தாலியில் ஆண்டுக்கணக்காகப் போரிட்டுப் பழகிய ஆட்கள், அவர்களும் தொல்படையே. ஸ்கிபியோ ஹஸ்தாதிகளை நிறுத்தி, காயம்பட்டவர்களைப் பின்னே அனுப்பி, பிரின்கிபெஸையும் திரியாரிகளையும் இரு சிறகுகளில் கொண்டுபோய் ஒரே வரிசையாக்கினார். பிணங்களும் வழுக்கும் இரத்தமுமாகக் கிடந்த தரையில், அணி கலையாமல் நடந்துபோய் இடம் மாறினார்கள். பழகாத படையிடம் இதைக் கேட்டிருக்க முடியாது.

பாசறையில்

பொலிபியஸ் தரும் ஒரு சின்ன விவரம் இவர்களுக்கிருந்த மதிப்பைக் காட்டுகிறது. தளபதிகளின் கூடாரத்தை நிமிர்த்துவது, தரையைச் சமப்படுத்துவது போன்ற வேலைகள் ஹஸ்தாதிக்கும் பிரின்கிபெஸுக்கும் உண்டு. திரியாரிகளுக்கு விலக்கு. அதற்குப் பதில், ஒவ்வொரு திரியாரி மேனிபிளும் தன் கூடாரத்துக்குப் பின்னால் தங்கியிருக்கும் குதிரைப் பிரிவுக்குக் காவல் தரவேண்டும். முக்கியமாகக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: கட்டுக்கயிற்றில் கால் சிக்கிக் காயம்படாமல், அவிழ்த்துக்கொண்டு ஓடிப் பாசறையைக் கலவரப்படுத்தாமல். நிதானமான, பெரும்பாலும் விவசாயிகளான மூத்த ஆட்களிடம் இரவில் கால்நடையை ஒப்படைத்திருக்கிறார்கள். மிகப் பொருத்தமான ஏற்பாடு.

ஓர் ஆள்

ஸ்புரியஸ் லிகுஸ்தினஸ் என்ற சபைன் நாட்டு விவசாயியின் படைவாழ்க்கையை லிவி பதிந்திருக்கிறார். அப்பா விட்டுப்போனது ஒரு யூகெரம் நிலமும் ஒரு குடிசையும். நம் கணக்கில் சுமார் 62 சென்ட். கி.மு. 200இல் சாதாரண வீரராகச் சேர்ந்து மக்கெதோனியாவில் இரண்டு ஆண்டு. மூன்றாம் ஆண்டு ஹஸ்தாதிகளின் பத்தாம் மேனிபிளில் நூற்றுக்கதிபதி. பின் ஸ்பெயினில் ஹஸ்தாதிகளின் முதல் நூற்றுக்கதிபதி. அடுத்து சிரியாவின் அந்தியோக்கஸ் மன்னருக்கு எதிரான போரில் பிரின்கிபெஸின் முதல் நூற்றுக்கதிபதி. பிறகு சில ஆண்டுகளுக்குள் நான்கு முறை பிரிமஸ் பீலுஸ், அதாவது திரியாரிகளின் முதல் நூற்றுக்கதிபதி, லீஜியனிலேயே முதல்வர். 22 ஆண்டு சேவை, வீரத்துக்காக 34 பரிசுகள், சக குடிமக்களின் உயிரைக் காத்ததற்காக ஆறு கிரீடங்கள். கி.மு. 171இல், 50 வயதைத் தாண்டிய பிறகும், தளபதிகள் தருகிற எந்தப் பதவியும் தனக்குச் சம்மதம் என்றார். மறுபடி பிரிமஸ் பீலுஸ் ஆக்கினார்கள். எல்லா மூத்த வீரர்களும் இப்படி உயரவில்லை. ஆனால் ஹஸ்தாதி, பிரின்கிபெஸ், திரியாரி என்ற மூன்று படிகளும் ஒரே மனிதரின் ஆயுளில் எப்படி வரிசையாக அமைந்தன என்பதற்கு இவரே நல்ல சான்று.

எப்படி மறைந்தார்கள்?

கி.மு. 2ஆம் நூற்றாண்டின் முடிவோடு வயதுவாரிப் பிரிவு மங்கிவிட்டது. மாரியஸ் என்ற ரோமத் தளபதி ஒருவர் ஒரே வீச்சில் மாற்றினார் என்று சொல்வது மிகை. மூன்று வரிசையிலிருந்தும் ஒவ்வொரு மேனிபிளைச் சேர்த்துக் 'கோஹோர்ட்' ஆக்கும் பழக்கம் ஸ்கிபியோவின் ஸ்பெயின் போர்களிலேயே தெரிகிறது. கி.மு. 107இல் மாரியஸ் சொத்தில்லாதவர்களையும் சேர்த்தார். எல்லோருக்கும் ஒரே ஆயுதம், எல்லோர் கையிலும் பீலம். குத்தீட்டி போயிற்று.

பெயர் மட்டும் போகவில்லை. திரியாரிகளுக்குப் பழங்காலத்தில் பிலானி என்றும் பெயர் இருந்தது, அவர்களுக்கு முன்னே நின்ற இரண்டு வரிசைகளையும் சேர்த்து 'பிலானிக்கு முன்னவர்' என்றே அழைத்தார்கள். கோஹோர்ட் காலத்திலும் நூற்றுக்கதிபதிகளின் பட்டங்கள் பீலுஸ், பிரின்கெப்ஸ், ஹஸ்தாதுஸ் என்றே தொடர்ந்தன. பேரரசு காலத்து லீஜியனில் மண்டியிட்டுக் காத்திருக்கும் வரிசை எதுவும் இல்லை, ஆனாலும் அதன் தலைமை நூற்றுக்கதிபதியை அப்போதும் பிரிமஸ் பீலுஸ் என்றுதான் கூப்பிட்டார்கள்.